வீட்டைப் பெருக்குவது யார் என்று கேட்ட அக்கா

விடியற்காலை ஐந்து இருபதுக்கு நெல்லித்தோப்பு வீட்டுக்குள் நுழைந்தபோது நான் முதலில் கண்டது மணியை. பார்வையற்ற அந்த நாய் வாடகை நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. அதற்காகவே அக்கா கூடத்தில் எந்தப் பொருளையும் இடம் மாற்றியதில்லை. இப்போது கட்டிலும் மேசையும் வெளியே போயிருந்தன. அவை இருந்த இடத்தில் அக்காவைக் கிடத்திய ஐஸ் பெட்டி இருந்தது. மணி அதில் மோதிப் பின்வாங்கியது, மறுபடியும் மோதியது. யாராவது அதைப் பிடித்துக் கட்டுங்கள் என்றார் மாமா, அம்மாவின் தம்பி.

அக்கா பிறந்ததும் இதே வீட்டில்தான். அப்பா மில் தொழிலாளி. மில் மூடிக் கிடந்த காலத்தில் அவர் காலமானார். படித்துக்கொண்டே டியூஷன் எடுத்த அக்கா, பிறகு தொடக்கப்பள்ளி ஆசிரியையாகி, அண்ணனையும் என்னையும் கல்லூரிக்கு அனுப்பினார். பள்ளி வாசலில் லாரியில் அடிபட்டு, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கிடந்த ஒரு நாயை அந்த நாட்களில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொல்லையில் அதைப் பார்த்தார்கள். காபி ஆறும்வரைகூட உட்காரவில்லை.

அதன்பின் மாமாவுக்கு ஒரு கேலி கிடைத்தது. "நாய்க்கெல்லாம் எடம் பாக்கறியே, உனக்கு எப்பம்மா?"

"நாய எடுக்க வர்றவங்க சீர் கேக்கறதில்ல மாமா" என்றார் அக்கா.

கால் போனவை, கண் போனவை, வலிப்பு வருபவை. இவற்றுக்கு வீடு தேடித் தருவதை அக்கா சம்பந்தம் பேசுவதைப் போலத்தான் செய்தார். "ஐயோ பாவம்" என்று வருகிறவர்களுக்குக் காபி மட்டும் உண்டு, நாய் கிடையாது. "பாவம் ரெண்டு நாள்ல தீந்துடும்" என்பார். வேண்டும் என்பவர் வீட்டுக்கு அவரே போவார். வீட்டைப் பெருக்குவது யார் என்று கேட்பார். பெருக்குகிறவர்தான் நாய் கழிவதையும் தினமும் துடைக்கப் போகிறவர். அவர் வாயால் சரி என்று சொல்லாமல் அக்கா ஒரு நாயையும் கொடுத்ததில்லை. அப்படிக் கொடுத்த எதுவும் திரும்பி வரவில்லை.

மணி, சுனாமிக்குப் பிறகு பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்திலிருந்து வந்தது. கண் இரண்டும் வெண்மை படர்ந்திருந்தன. கேட்டு வந்தவர் யாருமில்லை. தன் சிறுநீரகம் பழுதான பிறகு, டயாலிசிஸ் நாட்களுக்கு நடுவே, அக்கா தேடியது மணிக்கான இடத்தை மட்டுமே. கடைசியில் முதலியார்பேட்டையில் இட்லி விற்கும் அம்மாள் ஒருவர் சம்மதித்தார். அவர் வீட்டைப் பெருக்குவது அவரேதான். மாலைகளில் வந்து தன் கையால் சோறூட்டி மணியைப் பழக்கினார்.

"நான் இருக்கற வரைக்கும் இங்க இருக்கட்டும். அப்பறம் அந்தம்மா கையில குடுத்துடு" என்று அக்கா என்னிடம் சொன்னார். நான் சென்னையில் பத்திரிகை வேலையில் இருப்பவள். என் மகனுக்கு இளைப்பு என்பதால் என்னிடம் அவர் கேட்கவில்லை.

கருமாதியன்று அந்த அம்மாள் புதுச் சங்கிலியோடு வாசலில் நின்றார். பந்திக்குக் காத்திருந்த உறவினர்கள் முன்னிலையில் மாமா எழுந்தார்.

"எங்க அக்கா மவ வளத்த நாய் தெருவுல இட்லி விக்கறவ வீட்டுக்குப் போறதா? நான் கூட்டிட்டுப் போறேன்."

மாமாவின் மனசு யாருக்கு வரும் என்றார்கள். அண்ணனும் தலையசைத்தார். அக்கா செய்துவிட்டுப் போன ஏற்பாட்டைச் சொன்னேன். அத்தையைக் கேட்டீர்களா என்றும் கேட்டேன்.

"ஒரு நாய் வளக்கக்கூடப் பொம்பளைங்கள கேக்கணுமா?" என்றார் மாமா. பந்தல் சிரித்தது. அந்த அம்மாள் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

அத்தையை நான் குறை கூறமாட்டேன். அவரை யாரும் கேட்கவில்லை. தெரியாத வீட்டில் மணி மோதிய இடமெல்லாம் நனைத்தது, துடைத்தவர் அவர். மாதம் முடியுமுன் நான் போனில் விசாரித்தபோது மாமா சொன்னார்: "அது பிள்ளைச்சாவடிலேர்ந்து வந்ததுதான? கார்ல கொண்டுபோய் அங்கயே விட்டாச்சு. மீன் கெடைக்கும், பொழச்சுக்கும்."

இட்லி அம்மாளும் நானும் பிள்ளைச்சாவடிக்குப் போனோம். வலை சீர் செய்துகொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து, சாலையோரம் ஒரு மணல்மேட்டைக் காட்டினார். வெள்ளைக் கண் நாய் இரண்டு நாள் படகுகளில் முட்டிக்கொண்டு திரிந்ததாம். பிறகு சாலைக்கு ஏறி பஸ்ஸில் அடிபட்டதாம். அவர்தான் புதைத்திருக்கிறார். அந்த அம்மாள் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் நன்றி சொல்லவேண்டியவர்கள் உண்டு. டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கு. கால் விளங்காத நாய்களைத் தாங்கி நடத்த வார்ப்பட்டை தைத்துக் கொடுத்த தையல்கார பாய்க்கு. "வீட்ல வச்சுக்கற வழக்கம் எங்களுக்கு இல்லம்மா, தைக்கறது என் வேலை" என்றவர் அவர். முதலியார்பேட்டை அம்மாளுக்கு. பெயர் கேட்க நாங்கள் மறந்துவிட்ட அந்த மீனவருக்கு.

மாமா வீட்டில் இப்போது ஒரு பொமரேனியன் குட்டி இருக்கிறது.