நியூட்ரினோவுக்கு ஒரு மாஸ்

தேதி என்னிடம் இல்லை. நாள்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. ஆனால் அது ஒரு சனிக்கிழமை, பிப்ரவரி மாதம். தவக்காலம் தொடங்கியிருக்கவில்லை, ஏனென்றால் அன்று மதியம் வீட்டில் கோழிக்குழம்பு. நான் ஆறாம் வகுப்பு. ஆகவே 2003 என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் ராயப்பன்பட்டி. அக்கா பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். சென்னையில் மேலே படிக்க நுழைவுத்தேர்வு விண்ணப்பம் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். அதில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லை. கம்பத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஈஸ்டர் முடிந்ததும் பெண் பார்க்க வருவதாக இருந்தது. விண்ணப்பமோ திங்கட்கிழமை தபாலில் சேர்ந்தாக வேண்டும்.

அந்த வாரம் அவள் கல்லூரியில் தேசிய இயற்பியல் மாநாடு. வெளிநாட்டிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். கடைசி நாளான அந்தச் சனிக்கிழமை மாலை ஊர்க்காரர்களுக்கும் ஒரு சொற்பொழிவு. "அப்பாவை எப்படியாவது கூட்டி வா" என்று அவளுடைய பேராசிரியை சொல்லியிருந்தார். அக்கா சொற்பொழிவு நோட்டீசை அப்பாவிடம் நீட்டினாள். 'நிறை' என்று அச்சடித்திருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'நியூட்ரினோவுக்கு மாஸ் உண்டு.'

எங்கள் ஊரில் மாஸ் என்றால் கோயிலில் நடக்கும் பூசை. ஒருவர் பெயரைச் சொல்லி அவருக்கு மாஸ் என்றால், இறந்துபோன அவருடைய ஆன்மாவுக்காக வைக்கும் பூசை.

"யாருத்தா இந்த நியூட்ரினோ?" என்றார் அப்பா.

அடுப்படியிலிருந்து அம்மா பதில் சொன்னாள். "பேரப் பாத்தா இத்தாலி மாதிரி இருக்கு. பழைய மிஷன் சாமியாரா இருப்பாக."

அணுவினும் சிறிய அந்தத் துகளுக்குப் பெயர் இத்தாலிய மொழியில் வைத்ததுதான் என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். அம்மா அந்த அளவுக்குச் சரி. அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா, "செத்தவுகளுக்கு வைக்கிற பூசைன்னா போகாம இருக்கப்பிடாது" என்று வெள்ளை வேட்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

அவர்களோடு போன எனக்கு அரங்கத்தில் முதலிலேயே குழப்பம். பீடம் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, திரைதான் இருந்தது. வெள்ளைத் தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் மேடையேறினார். அப்பா மட்டும் எழுந்து நின்றார். வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் பேசப் பேச, அக்கா அப்பாவின் காதில் தமிழில் சொன்னாள்.

"கண்ணுக்குத் தெரியாதுப்பா. நம்ம உடம்புக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போயிரும். நமக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆன்மா அப்படித்தான்" என்றார் அப்பா.

"மலையவே துளைச்சுப் போயிருமாம். ரொம்ப நாளா மாஸ் இல்லன்னே நெனச்சிருந்தாக. இப்பத்தான் இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காக."

அப்பாவின் முகம் வாடிவிட்டது. "அடப்பாவமே. இத்தன வருசமா ஒரு மாஸ்கூட வைக்கலையா அவருக்கு?"

ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கில் நம்மைக் கடந்து போகின்றன என்று அக்கா அடுத்துச் சொன்னாள். ஒரு சாமியார் எப்படிக் கோடிக்கணக்கில் ஆவார்? கேட்டால் திட்டுவார்கள் என்று கேட்காமல், என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பேச்சு முடிந்ததும், தமிழிலும் கேள்வி கேட்கலாம், மாணவிகள் மொழிபெயர்ப்பார்கள் என்று அறிவித்தார்கள். வேறு யாரும் கை தூக்குவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். அக்கா அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தது எனக்குத் தெரியும். அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை.

"சாமி, அந்தப் பூசைய எங்கன வச்சாக? நம்ம ஊர்க் கோயில்லயும் வைக்கலாமா?"

மைக் அக்காவின் கையில் இருந்தது. அவள் வேட்டி நுனியை விட்டுவிட்டு எழுந்தாள். பிறகு ஆங்கிலத்தில் நீளமாக ஒன்று கேட்டாள். அதில் எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் மாஸ். கோயிலுக்கு ஆங்கிலம் சர்ச் என்பது எனக்குத் தெரியும். அது வரவே இல்லை. வெள்ளைக்காரர் மேடையின் விளிம்புவரை வந்து, கையை ஆட்டி ஆட்டி ஐந்து நிமிடம் பதில் சொன்னார். கடைசியில் அப்பாவைப் பார்த்துத் தலை குனிந்தார். அரங்கம் கைதட்டியது.

"என்னத்தா சொல்றாக?"

"ரொம்ப நல்ல கேள்வியாம்ப்பா. எங்கன வேணும்னாலும் வைக்கலாமாம்."

வெளியே பேராசிரியை வந்து, "உங்க பொண்ணு இன்னிக்கு எங்க எல்லாருக்கும் பெருமை தேடித் தந்துட்டா" என்றார். அப்பா சைக்கிள் ஸ்டாண்டில், யாருடையதோ ஒரு ஸ்கூட்டர் சீட்டின்மேல் அக்கா கொண்டுவந்திருந்த விண்ணப்பத்தை வைத்தார். பேனாவைப் பிடித்தபடி, "நான் கேட்டதத்தானத்தா கேட்ட?" என்றார்.

"ஆமாப்பா."

கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை காலை அக்காவே தபால் நிலையத்துக்குப் போனாள்.

அதற்கடுத்த ஞாயிறு கோயிலில், அன்றைய பூசை யார் யாருக்காக என்று பங்குச்சாமியார் பட்டியலை வாசித்தார். எல்லாம் தெரிந்த பெயர்கள். கடைசிப் பெயரில் மட்டும் தடுமாறி, தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "நி... நியூட்ரினோ. இவரது ஆன்ம இளைப்பாற்றிக்காக."

ஆண்கள் பக்கத்தில் அப்பா கண்களை மூடிக் கைகூப்பியிருந்தார். பெண்கள் பக்கத்தில் என் அருகே முழங்காலிட்டிருந்த அக்கா முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று நினைத்து, அம்மாவுக்குத் தெரியாமல் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.