பத்தரை மணிக் கையெழுத்து

என் ஆட்டோவின் பின்சீட்டில் அவன் எப்போதும் எனக்கு நேர் பின்னால்தான் உட்காருவான். முதல் நாள் அப்படி உட்கார்ந்தபோது அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது. என் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவனை இறக்கிவிட்ட பிறகு பார்த்தேன், கம்பி ஈரமாக இருந்தது. துணியை எடுத்துத் துடைத்தேன். பயப்படுகிறான் என்று நினைத்தேன். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

அவன் என் மச்சினன், என் வீட்டுக்காரியின் தம்பி. அவர்களுக்குத் திருவாதவூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. மாமனாரும் மாமியாரும் ஒரே வருசத்தில் போய்விட்டார்கள். எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அவனுக்கு ஒன்பது வயது. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அவனும் ஆனையூருக்கு வந்துவிட்டான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் அவனைப் பிள்ளையாக வளர்த்தோம் என்று சொல்லமாட்டேன். குழந்தை இருந்திருந்தாலும் அவள் அவனுக்குத்தான் முதல் தோசையைப் போட்டிருப்பாள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டான். ஐந்தாவதோடு விட்டவன் நான், என்ன சொல்வது. தண்ணி லாரியில் கிளீனராகப் போனான். தண்ணி லாரி விடுவதில் எங்கள் பக்கம் இரண்டு கூட்டம் உண்டு. ஒரு கூட்டத்துத் தலைவரை லாரிக்காரர் என்போம். இவன் போனது மற்றக் கூட்டத்து லாரியில். லாரிக்காரருடைய தம்பியை ஒரு டீக்கடை வாசலில் வெட்டிப் போட்டார்கள். வழக்கில் ஐந்து பேர். என் மச்சினன் மூன்றாவது பெயர். ஜெயிலுக்குப் பார்க்கப் போனபோது, “நான் பைக்குதான் மாமா ஓட்டுனேன்” என்றான். நம்பினேன்.

மூன்று மாதம் கழித்து ஐந்து பேரில் அவனுக்கு மட்டும் ஜாமீன் கிடைத்தது. முப்பது நாள், தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மறுபடி உள்ளே. இதில் என்ன கஷ்டம் என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். வெட்ட நினைக்கிறவன் ஆளைத் தேடி அலைய வேண்டாம். எத்தனை மணிக்கு எந்த வாசலுக்கு வருவான் என்று கோர்ட்டே எழுதிக் கொடுத்துவிடுகிறது. செத்த தம்பிக்கு வருச தெவசம் வருவதற்குள் பதில் செய்வேன் என்று லாரிக்காரர் சுடுகாட்டில் வைத்தே சொன்னதாகப் பேச்சு. வெளியே இருப்பவன் இவன் ஒருத்தன்தான். பைக்கில் போனால் உதைத்துத் தள்ளிவிடுவார்கள். எங்கள் ஸ்டாண்டில் ஒரு வண்டியும் வரமாட்டேன் என்றது. அவர்களைக் குறை சொல்லவில்லை. என் வீட்டுக்காரி என்னிடம் கெஞ்சவில்லை, அழவில்லை. “முப்பது நாளு. உசுரோட கொண்டுபோயிக் கொண்டாந்து விட்ருங்க” என்றாள். சரி என்றேன்.

அவள் கே.கே. நகரில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். நான் காலையில் அதே பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவேன். எட்டரைக்குப் பிள்ளைகள் இறங்கினால் வண்டியைக் கழுவி, பத்து மணிக்கு அவனை ஏற்றுவேன். பிள்ளைகள் உட்கார்ந்த சீட்டு. ஒருநாள் ஒரு பிள்ளையின் தண்ணீர் பாட்டில் சீட்டுக்கடியில் கிடந்தது. அவன் காலில் அது இடித்ததற்கே துள்ளி எழுந்தான். அவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டதும் அவளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரு மணி அடித்தால் போதும், எடுக்கமாட்டாள். பத்து ஐம்பதுக்கு அது வராவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு நிற்பாளாம். அந்த வீட்டம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

ஆனையூரிலிருந்து அந்த ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஐந்து வேகத்தடை. அதுவரை எண்ணியதில்லை, அந்த மாதம் எண்ணினேன். ஆட்டோ எங்கே மெதுவாகுமோ அங்கேதான் வருவார்கள். நாலாவது தடை கண்மாய்க் கரை வளைவில், இரண்டு பக்கமும் கருவேலம். அதைத் தாண்டினால்தான் எச்சில் விழுங்குவேன். வளைவில் யாராவது பைக்கை நிறுத்திப் போன் பேசிக்கொண்டிருந்தால் அந்த ஆளின் முகத்தைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா என்று தெரியாது. கையைத்தான் பார்ப்பேன். ஒருநாள் ஓர் ஆள் இடுப்பிலிருந்து எதையோ உருவினான். என் கால் பிரேக்கில் ஏறிவிட்டது. அவன் உருவியது துண்டு, முகம் துடைக்க. மச்சினன் சிரித்தான். அவன் சிரித்தது எனக்குப் புதிதாக இருந்தது. அதற்கு முந்தின வாரம் அவன்தான் கம்பியை நனைத்தவன்.

எப்போது மாறினான் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதல் வாரம் ஸ்டேஷனுக்கு எதிர் டீக்கடையில் அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் இரண்டு பையன்கள் எழுந்து நின்றார்கள். அப்புறம் என்னைவிட மூத்த ஆள் ஒருவர், இடம் வாங்கி விற்கிறவர், தன் நாற்காலியை அவனுக்குத் தள்ளி, “அண்ணே, உக்காருங்கண்ணே” என்றார். உட்கார்ந்தான். லாரிக்காரரே தொட முடியாத ஆள் என்று அவனைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. தொடாமல் இருந்தது லாரிக்காரர். பேர் இவனுக்கு. பதினைந்தாம் நாள் வண்டிக்கு முன்னால் இரண்டு பைக், பின்னால் இரண்டு பைக். ஸ்டேஷன் வாசலில் இருந்த ஏட்டு, “என்னடா, கையெழுத்துப் போட வாரியா, பொண்ணு பாக்க வாரியா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், ஏட்டு உட்பட. கையெழுத்தும் மாறியது. முதலில் பேரை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டிருந்தவன் மூன்றாம் வாரம் ஒரே இழுப்பில் கிறுக்கி, கீழே ஒரு கோடும் போட்டான். வண்டியில் வரும்போது தொடைமேல் விரலால் அதை எழுதிப் பார்ப்பதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அந்தப் பைக்குகள் வந்தபிறகுதான் பயம் கூடியது. அதற்கு முன் நானும் அவனும் மட்டும். யார் கண்ணுக்கும் ஒரு சவாரி. பைக்குகள் வந்தபிறகு தெருவே பார்த்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வீட்டில் ஒவ்வொருவராக, “நாளையிலிருந்து நாங்களே விட்டுக்கிறோம்” என்றார்கள். மாதக் கடைசியில் ஒரு பிள்ளைகூட இல்லை. அவனிடம் சொன்னேன், பைக்குகள் வேண்டாம் என்று. “நீங்க ரோட்டப் பாருங்க மாமா, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றான். முன்பெல்லாம் நான் சொன்னால் கேட்கிறவன்.

இருபத்தேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறும் கையெழுத்து உண்டு. வீட்டுக்காரிக்கு அன்று வேலை இல்லை, வீட்டில் இருந்தாள். அவன் அப்போது எங்களோடு தங்கவில்லை, இரண்டு தெரு தள்ளிக் கூட்டாளி ஒருவன் வீட்டில் இருந்தான். நான் போய் ஹாரன் அடித்தேன். அவன் வரவில்லை. கூட்டாளிதான் வந்தான். அவனுக்கும் இவனுக்கும் ஒரே உயரம், ஒரே ஒல்லி. அவன் போட்டிருந்தது என் மச்சினனின் ரோஸ் கலர் சட்டை. முகத்தில் மாஸ்க். “அண்ணே பைக்குல முன்னாடியே போயிட்டாரு. நீங்க எப்பயும் வர்ற ரோட்டுலயே வரச் சொன்னாரு” என்று ஏறி, எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தான். சட்டை எப்படி என்று கேட்டேன். “அண்ணே குடுத்தாரு. சென்ட்டு அடிச்சுக் குடுத்தாரு மாமா” என்றான். அவன் குரலில் அவ்வளவு சந்தோசம். அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். பைக்குகள் அன்று வரவில்லை என்பதையும் கவனித்தேன். ஆனாலும் ஓட்டினேன். மாப்ள ஏதோ யோசனையோடுதான் செய்வான் என்று நினைத்தேன். யோசனையோடுதான் செய்திருந்தான்.

நாலாவது தடையில் வண்டியை மெதுவாக்கினேன். இடது பக்கக் கருவேலத்துக்குள்ளிருந்து, “குனிங்க மாமா” என்று ஒரு குரல். குனிந்தேன். அதற்கப்புறம்தான் வலது பக்கம் எதிராளிகளின் பைக் வந்தது. அதற்கப்புறம்தான் அரிவாள். முதல் வெட்டு வண்டியின் ரெக்ஸினில், அடுத்தது என் தோளை உரசிப் பின்னால் போனது. பின்னால் இருந்தவன் அலறினான். இடது பக்கம் எட்டுப் பத்துப் பேர், எல்லாம் எங்கள் ஏரியாப் பையன்கள், மரத்துக்குள்ளிருந்து ஓடி வந்தார்கள். பைக்கில் வந்த இரண்டு பேரும் உயிரோடு திரும்பிப் போகவில்லை. நான் நின்று பார்க்கவில்லை. கூட்டாளியை அப்படியே பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அவன் பிழைத்தான். இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. எனக்குப் பதினொரு தையல். அன்று மிஸ்டு கால் கொடுக்க மறந்துவிட்டேன்.

தன்னைக் கொல்ல வந்தவர்களைத் தானே வரவழைத்து முடித்தவன் என்று அன்றிலிருந்து அவனுக்குப் பேர். லாரிக்காரர் லாரிகளை விற்றுவிட்டு ஊரை விட்டே போனார். அந்த இரண்டு கொலை வழக்கில் இவன் பேர் மூன்றாவதாகக்கூட வரவில்லை. அந்த நேரத்தில் வேறு எங்கோ இருந்ததற்குச் சாட்சி சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அன்றைய கையெழுத்தும் பத்தரைக்கே விழுந்திருந்தது. இன்று ஆனையூரில் தண்ணீர் லாரி அவன் சொல்லித்தான் ஓடுகிறது. ஒற்றைக் கையோடு அந்தக் கூட்டாளி அவனுடைய வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறான். அண்ணனுக்காகப் போன கை என்று இன்றைக்கும் சொல்கிறான். வெட்டு விழுவதற்கு முன்னாலேயே குனியச் சொன்ன அந்தக் குரலைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. போலீசிடமும் சொல்லவில்லை, பயம். வீட்டுக்காரியிடம், அவன் முன்னால் போயிருந்ததால் தப்பினான், ஆள் மாறாட்டம், கடவுள் காப்பாற்றினார் என்றேன். அவள் என் தோளில் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டாள். தன் தம்பி தன் புருசனைத் தூண்டிலில் மாட்டினான் என்று அவளுக்குத் தெரிந்தால் அவள் எதை வைத்துக்கொண்டு இருப்பாள். அப்படி ஐந்து வருசம் போனது.

போன மாதம் அவன் மறுபடி உள்ளே போனான். இந்த முறை முதல் பெயரே அவன்தான். மறுபடி ஜாமீன், மறுபடி முப்பது நாள், அதே பத்தரை. வெளியே வந்த அன்றே போன் செய்தான். மூன்று கார் வைத்திருப்பவன் என் ஆட்டோவைக் கேட்டான். “உங்க வண்டி ராசியான வண்டி மாமா. நாளைக்கி பத்து மணிக்கு வந்துருங்க.” அவன் ஆட்களும் அப்படித்தான் நம்புகிறார்களாம். அவனைக் கொல்ல இப்போது யார் யார் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. லாரிக்காரர் ஒருத்தர்தான் முன்பு. இப்போது ஊரெல்லாம் இருப்பார்கள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “வாரேன் மாப்ள” என்றுதான் வந்தது. அவனிடம் முடியாது என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. “அன்னைக்கி ஞாயித்துக்கெழமை அவன் இங்கதான் இருந்தான்” என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. எனக்குத் தையல் போட்ட அந்த ஞாயிறு, நான் பெட்ரோல் போடக் கிளம்பியதும், ஒன்பதே முக்காலுக்கு வந்தானாம். அக்கா, தோசை போடு என்றானாம். அவ்வளவு நாளும் எங்கள் வீட்டு வாசலை மிதிக்காதவன். நாலு தோசை தின்றிருக்கிறான், போனை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கையெழுத்துக்குப் போகலையாடா என்று அவள் கேட்டதற்கு, இன்னொரு தோசை என்றானாம். போன் ஒருதரம் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான், கேட்டான், வைத்துவிட்டான். கை கழுவினான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லியிருக்கிறான்.

“மாமாவுக்கு ஒண்ணும் ஆகலக்கா.”

“நான் ஒண்ணுமே கேக்கலங்க. உங்களுக்கு என்ன ஆச்சுன்னுகூட எனக்கு அப்பத் தெரியாது” என்றாள் என்னிடம். நான் ஐந்து வருசமாக அவளுக்காக மறைத்ததை அவள் எனக்காக மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தையல் போட்ட தோளில் அவள் கட்டுப் போட்டதை நினைத்துப் பார்த்தேன். வெங்காயம் முழுவதும் உரித்து முடித்தபிறகு சொன்னாள். “வேல வீட்டுல கேட்டுட்டேன். நாளைலருந்து நான் பத்தரைக்குப் போனாப் போதும். நீங்கதான் கொண்டுபோயி விடணும்.” அவனிடம் வாரேன் என்று சொல்லிவிட்டேனே என்றேன். “அவன் கேட்டா, வண்டில அக்கா உக்காந்திருக்கான்னு சொல்லுங்க” என்றாள்.

மறுநாள் பத்து மணிக்குத் தெருமுனையில் இரண்டு பைக் நின்றன. பின்சீட்டில் அவள் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒருவன் போனில் பேசினான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு பைக்கைத் திருப்பி வழி விட்டான். மச்சினன் போனில் என்ன சொன்னான் என்று இதுவரை தெரியாது. எனக்கு அவனிடமிருந்து போன் வரவில்லை. வராமல் இருப்பது நல்லதா கெட்டதா என்று ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன். தினமும் அவன் ஸ்டேஷனுக்குப் போகும் நேரத்தில் நாங்கள் எதிர்த்திசையில் கே.கே. நகருக்குப் போகிறோம். எங்காவது கூட்டமாகச் சத்தம் கேட்டால், ஆம்புலன்ஸ் தாண்டினால், தலையை வெளியே நீட்டி அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன்.

இன்று அந்த வீட்டு வாசலில் இறங்கியவள் உள்ளே போகாமல் நின்றாள். முந்தானையைச் சரிசெய்தாள்.

“இன்னும் எத்தன நாளு இருக்கு அவனுக்கு?”

“பதினெட்டு” என்றேன்.

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.