டேட்டாபேஸுக்குள்ளே எத்தனை டேபிள்?

ஆள் விட்டுப்போன வீட்டில் அலுமாரிகளை எண்ணுகிற மாதிரித்தான் பழைய டேட்டாபேஸைத் திறக்கிற எங்கள் பிழைப்பு. அதைச் செய்தவர் கனடாவில் இருப்பார். குறிப்பு ஒன்றும் இருக்காது. பைத்தன் என்ற கணினி மொழியில் நாலு வரி எழுதி, "உனக்குள்ளே என்னென்ன டேபிள் இருக்கு?" என்று டேட்டாபேஸிடமே கேட்பதுதான் முதல் வேலை. தகவலை அடுக்கிவைக்கிற ஒவ்வொரு அட்டவணையும் ஒரு டேபிள். இதே பாடு படுகிறவர்களுக்கு மிச்சம் விளங்கும்.

எண்ணிக்கை

வங்காலையில் ஒரு மீனவர் சங்கம். படகுப் பதிவு புரோகிராம் திடீரென்று நின்றுபோயிருந்தது. செயலாளர் கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தார். பட்டியல் வந்தது. "ஐயா, பதினேழு டேபிள் இருக்கு" என்றேன். அவர் திரையைப் பார்த்தார். சங்கக் கந்தோரைச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, எங்களிட்ட இருக்கிறதே ரெண்டு மேசை. மிச்சத்தை ஆர் கொண்டு போனது?"

ஒரு எழுத்து

தலைமன்னாரில் ஒரு சின்ன நூலகம். மெற்றில்டா அக்கா இரண்டு வருசமாக ஒவ்வொரு புத்தகமாகக் கொம்பியூட்டரில் தட்டிப் பதிந்தவர். நான் பட்டியல் கேட்டேன், ஒன்றுமே வரவில்லை. "வெறுமையா இருக்கு அக்கா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

பிறகுதான் கண்டேன்: ஃபைலின் பெயரில் ஒரு எழுத்தை விட்டிருக்கிறேன். பைத்தன் "அப்படி ஒன்று இல்லை" என்று சொல்லாமல், அந்தப் பிழையான பெயரிலேயே புதிதாக ஒரு வெறும் டேட்டாபேஸைத் திறந்து வைத்திருந்தது. திருத்தினேன், அவ்வளவு புத்தகமும் வந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"முதல்ல உங்கட பிழையைத் தேடியிருக்கலாம், தம்பி. என்ர உயிர் போட்டுது."

பழசு

கரையோரக் கிராமம் ஒன்றில் கத்தோலிக்கக் கோவிலின் பங்குக் கந்தோர். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்து திரும்பிவந்த ஸ்ரெல்லா என்ற பெண், பிறப்புப் பதிவு எடுக்க ஞானஸ்நான அத்தாட்சி கேட்டு மூன்று தரம் வந்துவிட்டா. மூன்று தரமும் கொம்பியூட்டர் அவவின் பெயர் இல்லை என்றது.

நான் பட்டியல் எடுத்தேன். "ஞானஸ்நானம்" என்ற டேபிளுக்குக் கீழே "ஞானஸ்நானம் பழசு" என்று இன்னொன்று. தேடுகிற திரை அதற்குள் ஒருநாளும் பார்த்ததில்லை. திறந்தால் ஸ்ரெல்லா, தகப்பன், தாய், ஞானத்தாய் எல்லாரும் இருக்கிறார்கள். பாதர் சத்தமாக வாசித்தார். ஸ்ரெல்லா மேசைக்குக் கிட்ட வந்தா.

"அம்மான்ர பேரை இன்னொருக்கா வாசியுங்கோ, பாதர். அவவுக்கும் பதிவு இல்லை எண்டுதான் அவ சாகும்வரைக்கும் சொன்னவை."

பட்டியல் எடுக்க ஒரு நிமிசம்தான். அதற்குப் பிறகு தருகிற தேத்தண்ணியைக் குடித்து எழும்பத்தான் எனக்கு எப்போதும் அரை நாள் போகிறது.