நாத்தனார் முடியும் ஆளி விதைக் கஞ்சியும்

தையற்காரர் தப்பாக வெட்டிவிட்டால் வேறு துணி எடுத்துக் கொடுத்துவிடலாம். பியூட்டி பார்லர்காரி தப்பாகச் சுட்டுவிட்டால் எடுத்துக் கொடுக்க வேறு தலை எந்தக் கடையிலும் கிடையாது. நன்னிலத்தில் ஒரு உரக்கடை மாடியில் பார்லர் நடத்திய எனக்கு இது நன்றாகத் தெரியும். சூடான மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்க்கப் பயந்து நின்ற சகோதரிகளே, உங்களுக்கும் தெரியும். வீட்டுக்கு வீடு இலவச மிக்ஸி வந்து, அதை ஓட்டக் கரண்ட் மட்டும் வராமல் இருந்த காலத்தில் நடந்தவை இவை.

எண்ணெய் வைத்தால் நல்லதுதானே

என் வீட்டுக்காரரின் தங்கை சுமதிக்கு நிச்சயதார்த்தம். சுருட்டை முடி. அன்றைக்கு மட்டும் நேராக்கிவிடச் சொல்லி வந்து உட்கார்ந்தாள். சூடு படாமல் இருக்க முடியில் அடிக்கும் ஸ்பிரே தீர்ந்து போயிருந்தது. போனால் போகட்டும், எண்ணெயைவிட முடிக்குக் காவல் வேறென்ன என்று கை நிறையத் தேங்காய் எண்ணெயைத் தடவினேன். பிறந்ததிலிருந்து அப்படித்தானே கேட்டு வளர்ந்திருக்கிறோம். முடியை நேராக்கும் மெஷினை முழுச் சூட்டில் வைத்து, காதோரம் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தேன். அப்பளம் பொரிகிற சத்தம் வந்தது. பிறகு புகை. அந்தக் கொத்தில் தோளுக்குக் கீழே இருந்த முடி முழுக்க மெஷினோடு வந்துவிட்டது. பக்கத்து முடியும் கருகிச் சொரசொரவென்று ஆகிவிட்டது.

மாமியார் ஓடி வந்து பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகனிடம் சொல்லி அனுப்புவார். கல்யாணத்துக்கு மூன்றே மாதம். மிச்ச முடியாவது உடையாமல் நிற்க வேண்டும். சுமதி அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்: "இது சரியாகலைன்னா நான் முக்காடு போட்டுக்கிட்டுத்தான் மணவறையில உக்காருவேன் அண்ணி. நீங்க பக்கத்துல நின்னு வர்றவங்க எல்லாருக்கும் பதில் சொல்லுங்க."

கஞ்சி போட்ட கவுன்சிலர்

கடை ஸ்பிரே மேல் எனக்கு ஏனோ நம்பிக்கை போய்விட்டது. தலையில் தடவினால் கழுவ வேண்டாத கண்டிஷனர், சூட்டையும் தாங்க வேண்டும், வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று கிளம்பினேன். நெல் விளைகிற ஊரில் முதலில் கைக்கு எட்டியது சோறு வடித்த கஞ்சி. சுமதி தலையில் சோதிக்கத் தைரியம் இல்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் கவுன்சிலர் அம்மா வந்தார். மந்திரி வருகிறார், மேடையில் பின்வரிசை நாற்காலி, முடியைக் கொஞ்சம் படிய வைத்துவிடு என்றார். புதிதாக ஒன்று செய்திருக்கிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். அடி, பார்ப்போம் என்றார்.

புழுங்கலரிசிக் கஞ்சி. நீர் விட்டுத்தான் அடித்தேன். காய்ந்த பிறகு மிதமான சூட்டில் மெஷினை ஓட்டியதும் முடி மொரமொரவென்று நின்றுவிட்டது. சீப்பு உள்ளே போகவில்லை. நான் கழுவி விடுகிறேன் என்று வாளியைத் தேடினேன். அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். "இருக்கட்டும் விடும்மா. எங்க வீட்டுக்காரர் வேட்டிகூட இவ்வளவு விறைப்பா நின்னதில்ல. மேடையில எவ்வளவு காத்தடிச்சாலும் எனக்குக் கவலையில்ல."

மாமாவின் கரை வேட்டி

அடுத்தது ஆளி விதை, ஃபிளாக்ஸ் சீட் என்கிறார்களே அது. என்னோடு வேலை பார்த்த ஜெயந்தி கும்பகோணத்து நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்தாள். ஒரு பிடி விதை, நாலு டம்ளர் தண்ணீர். கொதித்து முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஆனதும் சுடச்சுட வடிகட்டிவிட வேண்டும். ஆறவிட்டால் கெட்டியாகி, பிழிந்தாலும் இறங்காது. எனக்கு இது தெரியாது. ஆறவிட்டுவிட்டேன். டீ வடிகட்டியில் ஊற்றினால் ஒரு சொட்டு இறங்கவில்லை. திரும்பச் சூடாக்கி, கொடியில் கிடந்த பழைய வேட்டி ஒன்றை இழுத்துப் போட்டு முறுக்கிப் பிழிந்தேன்.

அது மாமனார் கட்சி மாநாட்டுக்குக் கட்டிப் போகும் கரை வேட்டி. சூட்டில் கரைச் சாயம் இறங்கி, பாத்திரத்தில் இருந்தது எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத ஒரு நிறத்துக்கு வந்துவிட்டது. மாமா கோபக்காரர் இல்லை. வேட்டியை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். "ரெண்டு தடவ ஜெயிலுக்குப் போனப்பகூடச் சாயம் போகாத வேட்டிம்மா இது. மக தலைக்குத் தடவுறதுக்காகப் போயிடுச்சு."

பஞ்சகவ்யம் இல்லை

வெள்ளைத் துணியில் வடித்த அடுத்த ஈடு பதமாக வந்தது. கொஞ்சம் கற்றாழைச் சோறும் அரைத்துச் சேர்த்தேன். சுமதிக்குத் தலை குளித்த ஈரத்தில் இரண்டு வாரம் தடவியதில் சிக்கு விழுவது குறைந்தது. சீப்பில் உடைந்த முடி வருவது நின்றது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் இது ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும், ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் வேண்டும். பத்து மணி நேரம் கரண்ட் இல்லாத ஒரு நாளில் ஒரு கேன் முழுக்கப் புளித்துப் போயிற்று. கொட்ட மனம் வராமல் கொல்லையில் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் குத்தகைக்கு நிலம் வாங்கி இயற்கை விவசாயம் பண்ணுகிறவர். சாணம், கோமியம், பால், தயிர், நெய் போட்டுப் புளிக்க வைக்கும் பஞ்சகவ்யமும் கொல்லையில் கேனில்தான் இருக்கும். முகர்ந்து பார்த்து, இதுதான் அது என்று தெளிப்பானில் ஊற்றி நாற்றங்கால் முழுக்க அடித்துவிட்டார். நாற்று கருகிவிடுமோ என்று பொழுது சாய்வதற்குள் இரண்டு தடவை வயலுக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை நாற்றுப் பறிக்க வந்த காளியம்மா, பனி ஈரத்தில் நாற்றைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு இவரிடம் கேட்டது இது: "என்னங்க அடிச்சீங்க? நாத்து வழவழன்னு கையில நிக்க மாட்டேங்குது. பறிக்கிறதுக்கு முன்னாடி சீவி ஜடை போட்டுறலாம்போல இருக்குங்க."

பந்தலில்

எரிவாயுக் கிணறு தோண்ட இடம் அளக்க வருகிறார்கள் என்று அந்த மாதம்தான் செய்தி வந்தது. நாங்கள் குத்தகைக்குப் பார்த்த நிலமும் அதற்குள் அடக்கம். ஊர்ப் பெண்கள் சாலையோரம் கீற்றுப் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மாமியார் முன்வரிசையில். பக்கத்தில் சுமதி, அந்த வெயிலில், அந்த முடியோடு. நிலம் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அதோடு இந்த முடியும் போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. யாரிடம் சொல்ல முடியும்? ஆளி விதைத் தண்ணீர் ஊற்றிய ஸ்பிரே பாட்டிலை எடுத்துக்கொண்டு நானும் போய் உட்கார்ந்தேன்.

சுமதிக்கு அடித்ததைப் பார்த்துப் பக்கத்துப் பெண் தலையை நீட்டினாள். அப்புறம் வரிசையாக எல்லோரும். கோஷத்துக்கு நடுவே நான் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். மாமியார் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருக்கும்போது, எங்களைக் கலைக்க வந்து நின்ற பெண் போலீஸ்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கிட்டே வந்தார். அவர் குனிந்து மெல்லச் சொன்னார்: "எங்க தலைக்கும் அதே வெயிலுதாங்கக்கா. எனக்கும் ரெண்டு தடவ அடிச்சு விடுங்க."

வரவேற்புக்கு முன்னால்

அளக்க வந்த வண்டி அந்தத் தடவை திரும்பிப் போயிற்று. கல்யாணமும் வந்தது. முந்தின நாள் மாலை வரவேற்பு. மண்டபத்து அறையில் சுமதி முடியை நேராக்கச் சொன்னாள். சுருட்டையே அழகு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். நீங்கள் பயப்படுவதற்காக நான் ஆசையை விடணுமா அண்ணி என்றாள். கத்தரிக்கோலை எடுத்தேன்.

முன்பக்க முடியைப் படிப்படியாக வெட்டி, அறுந்து குட்டையான கொத்தை அதற்குள் சேர்த்தேன். ஆளி விதைத் தண்ணீரை லேசாக அடித்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து, ஒரு துளி ஈரம் இல்லாமல் காயவிட்டேன். மெஷினைப் பாதிச் சூட்டுக்கும் கீழே வைத்தேன். மாமியார் பூக்கூடையோடு வாசலில் வந்து நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. முதல் கொத்தைப் பிடித்து இழுத்தேன். சத்தம் இல்லை, புகை இல்லை. முடி பட்டாக இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கக் கை ஒழியவில்லை.

முடித்ததும் மாமியார் உள்ளே வந்தார். சுமதியின் முடியை விரலால் கோதினார். இடது பக்கம் விலக்கிப் பார்த்தார், வலது பக்கம் விலக்கிப் பார்த்தார், மறுபடி இடது பக்கம். மூன்று மாதம் கழித்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "எந்தப் பக்கம்மா சுட்ட? எனக்கே தெரியலையே."

ஆளி விதையின் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன் சகோதரிகளே, ஆனால் சூட்டிலிருந்து முடியைக் காப்பாற்ற முதலில் சூட்டைக் குறைக்க வேண்டும் என்பதை மூன்று மாதம் பாடுபட்டுக் கண்டுபிடித்தவள் இந்தத் தொழிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.