பஞ்சு அடைப்பும் கிருமியின் முடிச்சும்

என் சித்தப்பாவுக்கு நாலும் பெண்கள். கடைசிக்காரியை ‘சின்னது’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஐம்பத்தைந்து வயதாகியும் அந்தப் பெயர் உதிரவில்லை. புருஷன் போன பிறகு ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். குடுவை கழுவ வேண்டும், கிருமிக்குத் தீனி காய்ச்ச வேண்டும், குடுவை வாயைப் பஞ்சால் அடைத்துக் கொடுக்க வேண்டும்.

“மனுஷனுக்குச் சமைச்சா உப்பு இல்லைம்பான், உறைப்பு இல்லைம்பான். இதுங்களுக்கு வாயே கிடையாது அண்ணே, நிம்மதி” என்பாள்.

அங்கே வளர்த்தது ஒரு மண் கிருமி. மற்ற மருந்துக்கு மசியாத நோய்க்கிருமிகளை அடக்கும் மருந்தை அது தானாகவே செய்யும். அதன் சாற்றில் ஒரு சொட்டை, வேறு கிருமி படர்ந்த தட்டில் விட்டால் சுற்றிலும் தெளிந்த வட்டம் விழும். ஒரு சமயம் ஐந்து வாரமாக வட்டமே விழவில்லை. அதே கிருமியில் முன்பே உறையவைத்திருந்த பழைய வித்து ஒன்றை எடுத்து வளர்த்தார்கள், அதுவும் கைவிரித்துவிட்டது. வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு கிருமிக்கு மாறுவதென்று கூடத்தின் பெரியவர் சொல்லிவிட்டார். சின்னதுக்குச் சோறு இறங்கவில்லை. பத்தொன்பது வருஷம் தீனி போட்டவள் அல்லவா.

வியாழக்கிழமை, அந்தக் கிருமியை ஆராய்கிற டாக்டரம்மா கழுவுதொட்டி பக்கம் வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அதுக்கு ஒடம்பு சரியில்லையாம்மா?”

“நல்லாத்தான் வளருதுக்கா. ஏழு துண்டைச் சேர்த்துத்தான் அந்த மருந்து. நொதிங்க வரிசையா நிக்கும். ஒண்ணு ஒரு துண்டைப் பிடிச்சு ஒட்டும், அடுத்ததுகிட்ட தள்ளும், அது இன்னொண்ணை ஒட்டும். அது வரைக்கும் ஒழுங்காத்தான் நடக்குது.”

“பெறகு?”

“வேற நொதிங்க வந்து குறுக்கால முடிச்சுப் போடணும். அப்பத்தான் சங்கிலி வளைஞ்சு கிண்ணம் மாதிரி விறைப்பா நிக்கும். கடைசியில சர்க்கரை ஒட்டும். அந்தக் கிண்ணம் நோய்க்கிருமி சுவர் கட்டுற கல்லைக் கப்புனு பிடிச்சுக்கும். சுவர் எழும்பாது, கிருமி வெடிச்சிடும். இப்ப முடிச்சே விழலை. சங்கிலி கந்தையா தொங்குது.”

சின்னது கையிலிருந்த குடுவையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். “கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்குள்ள இத்தனை கையா! யாரும்மா சொல்லிக் குடுத்தது?”

“யாருமில்லக்கா.”

“முடிச்சுப் போட அதுக்கு என்ன வேணும்?”

“காத்துதான். ஆக்சிஜன். வளரக் கொஞ்சம் போதும், முடிச்சுக்கு நிறைய வேணும்.”

சின்னது குடுவையைக் கீழே வைத்தாள். ஆறு வாரம் முன்பு நாலு குடுவையில் பூஞ்சை பிடித்தபோது, “வீட்டுல பால் பாத்திரத்தையாவது மூடுவியா?” என்று பெரியவர் கத்தியிருந்தார். அந்த ரோஷத்தில் அன்று முதல் பஞ்சுக்கு மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டிவந்தாள். சுத்தத்துக்குத்தான் என்று யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் நாளை கிருமி போகும்.

“நான்தான்மா அது மூச்சை அடைச்சேன்” என்றாள்.

பிளாஸ்டிக் சுற்றிய ஒரு குடுவையோடு பெரியவர் முன்னால் போய் நின்று அவரிடமும் அதையே சொன்னாள். அவர் குடுவையை வாங்கி அதன் வாயைப் பார்த்தார்.

“ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“நீங்க கத்துற கத்துல கேக்கவா தோணும் ஐயா?”

டாக்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். பெரியவர் ரப்பர் வளையத்தைத் தானே உருவிப் போட்டார். “இன்னும் பத்து நாள் பார்ப்போம். பஞ்சு மட்டும் வைங்க.”

கிருமியைப் புதிதாக வளர்த்து, சாறெடுத்து, தட்டில் சொட்டு விட எட்டு நாள் ஆனது. ஒன்பதாம் நாள் காலை டாக்டரம்மா தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். கலங்கல் படிந்த தட்டின் நடுவே, கட்டைவிரல் அகலத்துக்குக் கண்ணாடியாய்த் தெளிந்த வட்டம்.

சின்னது கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிட்டே போனாள். தொடவில்லை. கோயில் சன்னிதியில் நிற்பதுபோல் நின்று, “எத்தனை முடிச்சு போட்டிருக்குமோ, ராசாத்தி” என்றாள்.