இறக்கையில் கால் வைத்தவள்

எங்கள் பலசரக்குக் கடைக்கு அப்பா பழைய ஆங்கில இதழ்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வருவார். சீனிக்கும் பருப்புக்கும் காகிதச் சரை சுற்ற அவை தேவைப்பட்டன. அவர் கிழிப்பதற்கு முன்னால் நான் எல்லாவற்றையும் ஒரு முறை புரட்டிவிடுவேன். எனக்கு வேண்டியது விமானம் ஓட்டிய பெண்களின் படங்கள். தோல் தொப்பியும் பெரிய கண்ணாடியும் போட்டவர்கள், தனியே கடலைக் கடந்தவர்கள், போர்க்காலத்தில் புது விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளத்துக்கு ஓட்டிச் சென்றவர்கள். வெட்டி ஒட்டி, பதின்மூன்று வயதுக்குள் ஒரு சித்திரக் கொப்பி நிறைந்துவிட்டது.

போர் நடந்த அந்த நாட்களில் எங்கள் ஊரில் விமானம் என்றால் குண்டு போடும் பொம்மர்தான். சத்தம் கேட்டதும் வளவில் வெட்டிய பங்கர் குழிக்குள் ஓடுவோம். முழங்காலில் முகத்தை வைத்துக் குந்தியிருக்கும்போது, மேலேயிருந்து பார்த்தால் எங்கள் வீடு எப்படித் தெரியும் என்று நான் யோசித்ததுண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆமி வீடுகளைச் சோதிக்க ஊருக்குள் வரப்போகிறது என்று கதை வந்த அன்று அம்மா அந்தக் கொப்பியைக் கையில் எடுத்தார்.

“பிளேன் படம் ஏன் சேர்க்கிறாய் எண்டு ஆமிக்காரன் கேட்டால் என்ன சொல்லுவாய்?”

“இவை பொம்பிளையள், அம்மா. சும்மா பாக்கத்தான்.”

“அவனுக்கு உது விளங்காது, பிள்ளை.”

குசினி அடுப்பில் ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு நானாக இருந்தாலும் எரித்திருப்பேன்.

அந்தப் படங்களில் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. சிறிய விமானமொன்றின் கீழ் இறக்கையில் ஒரு காலை வைத்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். சிரிக்கும்போது அவள் கமராவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் யாரையோ பார்த்தாள். நான் வெட்டியபோது கீழே இருந்த எழுத்து போய்விட்டது. அவள் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

பல வருடங்களுக்குப் பிறகு படகில் ஆஸ்திரேலியாவுக்கு வந்தேன். அகதிகளைத் தடுத்துவைத்திருந்த தீவு முகாமிலிருந்து பெருநிலத்துக்கு எங்களை விமானத்தில்தான் கொண்டுவந்தார்கள். என் வாழ்க்கையின் முதல் பறப்பு. காவலர் ஒருத்தி ஜன்னல் மூடியை இறக்கிவைக்கச் சொன்னாள். நல்ல பகல் நேரம். நான் அந்த மூடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிறகு மெல்பேர்ண் விமான நிலையத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. நான் குடியிருக்கும் ட்ருகனினா புறநகரிலிருந்து போய்வருவேன். பயணிகள் இறங்கியதும் நாங்கள் ஏறி, இருக்கைகளைத் துடைத்து, குப்பை எடுத்து, அடுத்தவர்கள் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஒரு நாளில் ஏழெட்டு விமானங்களில் ஏறுவேன். ஒன்றும் என்னோடு மேலே கிளம்பாது.

என்னோடு வேலை செய்தவள் மதுரைப் பக்கத்துப் பெண், அடுத்த புறநகரான பொயிண்ட் குக்கில் இருப்பவள். ஒரு நாள் கேட்டாள்.

“அக்கா, காக்பிட்டுக்குள்ள போனா மட்டும் ஏன் இவ்வளவு நேரம் துடைக்கிறீங்க?”

“அங்க தூசி கூட.”

“பொய் சொல்லாதீங்க.”

கொப்பியின் கதையை அவளிடம்தான் முதன்முதலில் சொன்னேன். அதற்குப் பிறகு இடைவேளைகளில் இருவரும் ஃபோனில் பழைய பெண் விமானிகளின் படங்களைத் தேடுவோம். எத்தனையோ முகங்களை மீண்டும் கண்டேன். அப்போது தெரியாத பெயர்கள் எல்லாம் தெரியவந்தன. இறக்கையில் கால் வைத்தவள் மட்டும் கிடைக்கவே இல்லை.

ஒரு காலை நான் காக்பிட்டில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது கப்டன் வந்துவிட்டார். பெண். என் வயதிருக்கும், தோளில் நான்கு கோடுகள். நான் விலகி வழிவிட்டேன். அவர் அவசரப்படவில்லை. நான் அந்தப் பொத்தான்களைப் பார்த்த விதத்தைக் கவனித்திருக்க வேண்டும். “கொஞ்சம் உட்கார்ந்து பாருங்களேன்” என்று ஆங்கிலத்தில் சொல்லி இருக்கையைக் காட்டினார்.

வேலை போய்விடுமோ என்ற பயம். விசா அப்போது தற்காலிகம். வேண்டாம், நன்றி என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. சிறு வயதிலேயே இந்த ஆசையா என்று மட்டும் கேட்டேன்.

“ஆமாம். என் அறைச் சுவர் முழுக்கப் பெண் விமானிகளின் படங்கள் ஒட்டியிருந்தேன். அம்மா இன்னும் அவற்றைக் கழற்றவில்லை.”

நல்லது என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அன்று முழுவதும் அந்தச் சுவரே மனதில் நின்றது. பொறாமை என்று சொல்ல முடியாது. அந்த அறைக்குள் ஒரு முறை போய் நின்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

போன வருடம் நிரந்தர விசா வந்தது. மதுரைக்காரி அன்றே ஒரு சிறிய விமானப் பயிற்சி நிலையத்தில் எனக்கு அறிமுகப் பறப்பு ஒன்றைப் பதிவு செய்துவிட்டாள். “நான் கீழ நின்னு வீடியோ எடுக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க” என்றாள்.

பயிற்சியாளர் இருபத்தைந்து வயதுப் பெண், சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். அந்தப் பழைய பெண் விமானிகளில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். “உண்மையாகச் சொன்னால் அவர்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அப்பா ஓட்டுவார், நானும் பழகிவிட்டேன்” என்றாள். முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தேன். இது அவளுக்கு ஒரு சாதாரண வேலையாக ஆகிவிட்டதே, அதற்காகத்தானே அவர்கள் எல்லோரும் பாடுபட்டார்கள்.

மேலே போனதும் அவள் ஓட்டும் பிடியிலிருந்து தன் கையை எடுத்துவிட்டு, இப்போது நீங்கள் பிடியுங்கள் என்றாள். பிடித்தேன். விமானம் லேசாக இடப்பக்கம் சரிந்தது. திருத்தினேன், நேரானது. கீழே கிடங்குகளின் கூரைகளும் புது வீடுகளும் வெயிலில் கிடந்தன. என் வீடு எது என்று தெரியவில்லை. எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்தது. சில நிமிடங்கள்தான். அவள் பிடியைத் திரும்பக் கேட்டபோது என் விரல்கள் உடனே விடவில்லை.

இறங்கியதும் லைசென்ஸ் எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். முதலில் மருத்துவப் பரிசோதனை என்றாள். டொக்டர் கண்ணும் காதும் நன்றாக இருக்கின்றன என்றார். சர்க்கரைதான் கூட. அதைக் குறைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். போனேன். குறைந்திருந்தது, ஆனால் போதாது. இன்னும் மூன்று மாதம் என்றார்.

“எத்தனை தரம் எண்டாலும் வாறன், டொக்டர்” என்றேன். அவரும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். சிரிக்காமல் தலையாட்டினார்.

இப்போது இரவில் சோறு இல்லை. வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் நடக்கிறேன். எங்கள் வீதிக்கு மேலாக விமானங்கள் இறங்கப் போகும். ஒவ்வொன்றும் கூரைகளுக்குப் பின்னால் மறையும்வரை நின்றுவிடுகிறேன். அதனால் ஒரு மணி நேர நடை எப்போதும் நீண்டுவிடுகிறது.