ஏலகிரிக் காட்டில் இலையில்லாத வெள்ளைப் பூ

போன ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குப் போய் வந்தோம். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் இருக்கும் என் மனைவி அமுதாவுக்கு, ஷிப்மென்ட் அவசரமெல்லாம் முடிந்து ஐந்து வாரத்தில் கிடைத்த முதல் லீவு. எனக்கு லீவுக்குப் பஞ்சமில்லை. ஆர்டர் குறைந்து, நான் தோல் வெட்டிக்கொண்டிருந்த கட்டிங் பிரிவில் ஆட்களை நிறுத்தியதிலிருந்து மூன்று மாதமாக வீட்டில்தான் இருக்கிறேன். மலையில் காளான் போல ஒரு அபூர்வப் பூ பூத்திருப்பதாக வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. அவளை எங்கேயாவது கூட்டிப்போக ஆசைப்பட்டேன். அவளுக்குத் தூங்கத்தான் ஆசை.

காலை ஆறே முக்காலுக்கு பாசஞ்சர் ரயில், ஆளுக்குப் பத்து ரூபாய். ஜோலார்பேட்டையில் இறங்கி மலை பஸ். பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் அமுதா கண்ணைத் திறக்கவில்லை. அத்தனாவூரிலிருந்து மங்களத்துக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

“எல்லாரும் போட்டிங்குக்கு வர்றாங்க. நீங்க இன்னா சார், காளான் பாக்க வந்திருக்கீங்க?” என்றார் ஆட்டோக்காரர்.

“காளான் இல்லீங்க, பூ.”

அவர் கண்ணாடியில் அமுதாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சுவாமிமலைக்கு ஏறும் பாதையில் ஒரு கிலோமீட்டர் நடை. ஈரத்தில் செருப்பு வழுக்கிக்கொண்டே இருந்தது. மக்கிய சருகுக்கு நடுவே அது நின்றது. ஒரு சாண் உயரம். இலையும் இல்லை, பச்சையும் இல்லை. வெளிறிய தண்டில் ஏழெட்டுப் பூக்கள் தலையைத் தொங்கப்போட்டிருந்தன.

“சாயம் போடாத தோல் மாதிரி இருக்குது” என்றாள் அமுதா.

படித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். “இது தானா சாப்பாடு செய்யாது. மண்ணுக்கு அடியில இருக்கிற பூஞ்சைதான் இதுக்குச் சோறு போடுது. இது சும்மா நின்னுக்கிட்டு...” மூன்று மாதமாக நான் யார் சம்பளத்தில் சாப்பிடுகிறேன்? வெட்கமாக இருந்தது.

அமுதா பூவையும் என்னையும் பார்த்தாள். “தெனம் எனக்கு டப்பா கட்டித் தர்றது யாரு, பூஞ்சையா? பேஜார் பண்ணாம இப்படி உக்காருங்க.”

உட்கார்ந்தேன். என் வலது தோளில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். பூவைப் பார்த்ததைவிட அதுதான் எனக்கு நிம்மதி.

போக நினைப்பவர்கள் நல்ல மழை பெய்து ஒரு வாரத்துக்குள் போங்கள், பிறகு கருகிவிடும். பறிக்காதீர்கள், தொட்டியில் வளராது. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

படம் எங்கே என்று கேட்பீர்கள். அவள் எழுந்ததும் மழை பிடித்துக்கொண்டது, ஓடி வந்துவிட்டோம். அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் பூ எதிரிலேயேதான் இருந்தது. போன் அவள் சாய்ந்திருந்த வலது பக்கப் பாக்கெட்டில் இருந்தது.